இரவில் கூத்து, காலையில் வருகைப்பதிவு

அவன் காதுமடலுக்குப் பின்னால் லேசாகச் சிவப்பு ஒட்டியிருந்தது. முதல் மணி வகுப்பு, சுவரோரப் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஏதோ கோயில் திருவிழாவில் குங்குமம் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுப்பினேன். "ராத்திரி எங்கப்பா போனே?" என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டான். நான் நடத்திக்கொண்டிருந்த தாள் நாடகவியல். அன்றைய பாடம் தெருக்கூத்து. அந்தச் சிவப்பு அரிதாரம் என்று எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் தமிழ்த்துறையில் வேலை செய்கிறேன். நுண்கலை மன்றப் பொறுப்பும் பல வருடங்களாக என்னிடம்தான். எங்கள் பக்கம் கூத்து என்பது பாடப்புத்தகத்து விஷயம் இல்லை. செய்யாறு, வந்தவாசி, ஆரணி வட்டாரத்தில் பங்குனி பிறந்துவிட்டால் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் வீழ்வதை ஆடிக் காட்டும் படுகளம், மாலையில் தீமிதி. ஒரு ஊரில் முடிந்தால் அடுத்த ஊர். ஜமாக்கள் என்கிற கூத்துக் குழுக்கள் வருடத்துச் சோற்றைச் சம்பாதிப்பது இந்தச் சில மாதங்களில்தான். எங்கள் கல்லூரியின் இரண்டாம் பருவப் பாடங்கள் முடிந்து, தேர்வு வருவதும் இதே மாதங்களில்தான். இந்த இரண்டும் மோதும் என்று யாரும் யோசித்ததில்லை. நானும் யோசித்ததில்லை.

90 வேலை நாளில் அவன் 29 நாள் வரவில்லை. 75 விழுக்காடு வருகை இல்லையென்றால் அபராதம் கட்டி, காரணம் காட்ட வேண்டும். காரணம் என்றால் மருத்துவச் சான்றிதழ். வகுப்பாசிரியர் நான் என்பதால் கூப்பிட்டு, "ஒரு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துடு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "எனக்கு உடம்பு நல்லாத்தானே மேடம் இருந்துச்சு" என்றான். அப்புறம்தான் மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அவன் பெரியப்பா ஒரு ஜமாவின் வாத்தியார். இவன் பதினைந்து வயதிலிருந்து வேஷம் கட்டுகிறான். இரண்டு வருடமாகக் கட்டியங்காரன், கூத்தை நடத்திக்கொண்டு போகிற கோமாளி வேஷம்.

எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் வேறொன்று நினைவுக்கு வந்தது. உள்தேர்வில் "கட்டியங்காரன் – குறிப்பு வரைக" என்று 5 மதிப்பெண் கேள்வி கேட்டிருந்தேன். இவன் மூன்று வரி எழுதியிருந்தான். நான் போட்டது 2. வீட்டுக்கு வந்து விடைத்தாள் கட்டைப் பிரித்து அந்தத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். "கட்டியங்காரன் எல்லாரிடமும் பேசுவான். ராஜாவையும் கேட்பான். ஜனங்கள் தூங்கினால் எழுப்புவான்." அவ்வளவுதான். நான் வகுப்பில் நடத்தியிருந்ததெல்லாம் அறிமுகம் செய்தல், கதையை இணைத்தல், நகைச்சுவை என்று உட்தலைப்பு போட்ட குறிப்புகள். அவன் எழுதியிருந்தது வேலையைச் செய்கிறவன் சொல்கிற விவரம். துரியோதனன் கொலுவில் நின்றுகொண்டு அவனையே கேள்வி கேட்கும் உரிமை அந்தப் பாத்திரத்துக்கு மட்டும்தான் உண்டு. அதை அவன் இரண்டே சொல்லில் எழுதிவிட்டான். எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

கூத்தாடியதை நோய் என்று எழுதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன் என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது. கபடி ஆடப் போகிறவனுக்கு ஓ.டி. உண்டு, அதாவது வெளியே போன நாளும் வருகையாகக் கணக்காகும். என்.சி.சி. முகாமுக்கு உண்டு. வேறொரு கல்லூரிக் கலைவிழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடப் போனாலும் உண்டு, அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதே நான்தான். ஊர் கூடி உட்கார்ந்து பார்க்கிற கூத்தில் விடிய விடிய நின்று ஆடுகிறவனுக்கு எந்தக் கட்டமும் இல்லை. அவன் அதற்குக் கூலி வாங்குகிறான், அது தொழில், ஆகவே ஓ.டி. கிடையாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கலையைத் தொழிலாகக் கொண்டவன் கலை வகுப்பிலிருந்து விலக வேண்டும் என்றால் நாங்கள் யாருக்குக் கலை சொல்லித் தருகிறோம்?

அந்த வருடம் அவன் அபராதம் கட்டித்தான் தேர்வு எழுதினான். நான் கோடை விடுமுறையில் அவன் ஊருக்குப் போய் வாத்தியாரைப் பார்த்தேன். எங்கள் கல்லூரிக்கு வந்து சொல்லித் தர முடியுமா என்று கேட்டேன். "படிக்கிற பிள்ளைங்களுக்கு இது எதுக்கும்மா?" என்றார் முதலில். அதில் பணிவும் இருந்தது, பழைய காயமும் இருந்தது. கூத்தாடி என்ற சொல்லை வசவாகக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு ஒப்புக்கொண்டார்.

முதல் வகுப்பு 50 நிமிடம். அடவு சொல்லித் தருவார் என்று பிள்ளைகள் துப்பட்டாவை முடிந்துகொண்டு நின்றார்கள். அவர் யாரையும் ஆட விடவில்லை. உட்கார வைத்துத் தாளத்தைக் கையில் கொடுத்தார். பாடச் சொன்னார். ஒருவருக்கும் குரல் எழவில்லை. மைக் இல்லாமல் பாடி அவர்களுக்குப் பழக்கமே இல்லை. "குரல் வரலைன்னா கால் வராது" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க ஒரே ஒரு விருத்தம், திரைக்குப் பின்னால் நின்று பாடுவது. மணி அடித்தது. அடுத்த வகுப்பு ஆசிரியர் வாசலில் நின்றார். வாத்தியார் பாட்டின் நடுவில் நிறுத்தியதை அன்றுதான் முதல்முறை செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கூத்தில் பெரிய வேஷம் சும்மா உள்ளே வந்துவிடாது. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளேயிருந்து பாட்டு வரும், சலங்கை கேட்கும், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். பார்க்கிறவர்கள் காத்திருந்து காத்திருந்து பசி எடுத்த பிறகுதான் திரை விலகும். கல்லூரி நாள் விழாவுக்கு எட்டு நிமிடத்தில் ஒரு கூத்து வேண்டும் என்று விழாக்குழு கேட்டதை அவரிடம் போய்ச் சொன்னேன். "எட்டு நிமிஷத்துல திரையே விலகாதும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அளவு சொன்னார்.

அதற்காகச் சுருக்குவதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். 1960-களில் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பில் இரவு முழுக்க ஆடும் வட்டக்களரிக் கூத்தை மேடைக்கும் குறைந்த நேரத்துக்கும் ஏற்றபடி செப்பம் செய்து மாணவர்களை ஆட வைத்தார். 1962-இல் மேடையேறிய கர்ணன் போர் அப்படி வந்ததுதான். அண்ணாவிமார்களை, அதாவது அங்கத்திய கூத்து வாத்தியார்களை, கூடவே வைத்துக்கொண்டு செய்த வேலை அது. அங்கே மாணவராக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தார். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்தவர் பக்கத்தில் இருந்து, ஒத்திகைக்கு நாள் கணக்கில் நேரமும் இருந்தால் சுருக்கலாம். விழா நிகழ்ச்சி நிரலில் மிச்சமிருக்கிற இடத்துக்காகச் சுருக்கக் கூடாது.

இங்கேயும் அப்படி ஒருவர் இருந்தார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத்துறையில் பணியாற்றிய சே. ராமானுஜம். திருக்குறுங்குடி கோயிலில் கைசிக ஏகாதசி இரவில் நடக்கும் கைசிக நாடகம் கிட்டத்தட்ட மங்கிப்போயிருந்தபோது, நடனக் கலைஞர் அனிதா ரத்னத்தோடு சேர்ந்து 1999-இல் அதை மீட்டெடுத்தார். பல்கலைக்கழகத்தில் கற்றுத் தருபவர் ஒருவர் ஊர்க்கோயிலுக்குப் போய் அந்தக் கலைஞர்களோடு உட்கார்ந்து செய்த வேலை. இந்த விஷயத்தில் நான் யாரையாவது மனதில் வைத்துக்கொண்டு நடக்கிறேன் என்றால் அவரைத்தான்.

சரி, வாத்தியாருக்கு வருவோம். மணி அடித்துப் பாட்டு நின்ற அன்று மாலையே முதல்வரிடம் போய் அரங்கின் சாவியைக் கேட்டேன். நாலரை மணிக்குக் கல்லூரி விட்ட பிறகு ஏழரை வரை அரங்கு வேண்டும். காவலாளியின் நேரம், மின்சாரம், விடுதி மாணவிகள் ஆறரைக்குள் உள்ளே போக வேண்டிய விதி, ஊர்ப் பேருந்து என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். கலைக்குத் துணை நிற்பது என்றால் மேடையில் சால்வை போடுவது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. என் அனுபவத்தில் அது சாவி, சாயங்கால டீ, வாத்தியார் ஊருக்குத் திரும்பக் கடைசிப் பேருந்து, ஆர்மோனியத்துக்கு மூன்று கொட்டேஷன். ஆர்மோனியம் வாங்க மூன்று கடையின் விலைப்பட்டியல் வேண்டும் என்றார்கள். வாத்தியாருக்கு நம்பிக்கையான ஆள், சுருதி பார்த்துப் பார்த்துச் செய்து தருபவர் ஒருவர்தான். அவரிடம் அச்சடித்த பில் புத்தகம் கிடையாது. ஏழு மாதம் ஆயிற்று. அதுவரை ஜமாவின் பெட்டியைத்தான் டூவீலரில் கட்டிக்கொண்டு வந்தான் அந்தப் பையன்.

சம்பளம்தான் பெரிய தலைவலி. சிறப்பு விரிவுரையாளருக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. அதை வாங்க கல்வித்தகுதிச் சான்று, பான் அட்டை எல்லாம் இணைக்க வேண்டும். வாத்தியார் ஐந்தாம் வகுப்பு. நிரந்தர வேலைக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைகளில், இசை, நிகழ்த்துகலைத் துறைகளுக்கு மரபுக் கலைஞர்கள் வருவதற்கு என்று தனி வழியே திறந்து வைத்திருக்கிறார்கள். படிக்கும்போது சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்த வழியிலும் இளங்கலைப் பட்டம் வேண்டும். குருவிடம் இருந்து கற்றிருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது, குருவே பட்டம் இல்லாதவராக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் இல்லை. 2023-இல் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்வி நிறுவனங்களில் தங்கிப் பயிற்றுவிக்க அழைப்பதற்கான வழிகாட்டுதல்களும் வந்தன. அந்தச் சுற்றறிக்கையை நான் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் கல்லூரியில் அதன்படி ஒருவரும் இன்னும் வரவில்லை. நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அடுத்த பங்குனியில் பிள்ளைகளைக் கூத்துக்கு அழைத்துப் போனேன். 14 பேர், அதில் 6 பேர் மாணவிகள். ஒவ்வொரு பெற்றோரிடமும் கையெழுத்து. ஒரு அப்பா மட்டும், "பொண்ணு ராத்திரி பூரா தெருவுல உக்காருமா?" என்று கேட்டார். நானும் உட்காருகிறேன் என்றேன். அன்று கர்ண மோட்சம். பாரதத் திருவிழாவில் மட்டுமல்ல, எங்கள் பக்கம் சாவு வீட்டுக் காரியத்துக்கும் வைக்கிற கூத்து அது. இறந்தவர் நல்ல கதிக்குப் போக வேண்டும் என்று.

பத்து மணிக்கு மேளம் கட்டினார்கள். பன்னிரண்டு மணிக்கு என் மாணவர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். கட்டியங்காரன் கூட்டத்துக்குள் இறங்கி வந்து, "காலேஜுல இருந்து வந்திருக்காங்களாம், தூங்கறதுக்குன்னே பஸ் ஏறி வந்திருக்காங்க" என்று சொல்லி ஒவ்வொருவராக எழுப்பினான். ஊரே சிரித்தது. வகுப்பில் வாய் திறக்காத பையன். அவன் கையில் ஆயிரம் பேர் இருந்தார்கள்.

மூன்று மணி வாக்கில் கர்ணன் போருக்குப் புறப்படுகிறான். பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்று கணவனையே தள்ளி வைத்துப் பேசுகிற பெண் அவள். பாட்டு இழுத்துக்கொண்டே போகிறது. முகவீணை என்கிற சிறிய ஊதுகுழல் மட்டும் மேலே தனியாகக் கேட்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் மாணவி ஒருத்தி, எதையும் செல்போனில் படம் எடுக்காமல் இருக்கத் தெரியாதவள், போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்ததால்தான் மூன்று மணிக்கு அந்த அழுகை வருகிறது. இதை 50 நிமிடத்தில் நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்? இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

விடிந்ததும் வேஷம் கலைக்கிற இடத்துக்குப் போனோம். பாயில் கிரீடமும் புஜக்கட்டைகளும் கிடந்தன. தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். காதுக்குப் பின்னால் விட்டுப்போயிற்று. நான் சொல்லவில்லை. என் மாணவி ஒருத்தி வாத்தியாரிடம், "நாங்க வேஷம் கட்டலாமா ஐயா?" என்று கேட்டாள். எங்கள் வட்டாரத்தில் பெண் வேஷமும் ஆண்களே கட்டி வந்த கலை இது. அவர் யோசித்தார். "முதல்ல திரை பிடிக்கக் கத்துக்கோ. கை வலிக்கும்" என்றார்.

ஓ.டி. விஷயத்தைக் கல்விக்குழுக் கூட்டத்தில் மூன்று முறை வைத்தேன். மூன்றாம் முறை, மரபுக் கலை நிகழ்த்தும் மாணவர்களுக்கு, கோயில் நிர்வாகமோ ஜமா வாத்தியாரோ தரும் கடிதத்தின் பேரில் ஒரு பருவத்துக்கு 15 நாள் என்று ஒப்புக்கொண்டார்கள். 15 நாள் போதாது. ஆனாலும் அந்தப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "கூத்து" என்று அவன் கையால் எழுதியதைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பறையாட்டம் ஆடுகிற இரண்டு மாணவர்கள், நாதஸ்வரம் வாசிக்கிற ஒரு மாணவன் என்று அந்த வருடமே இன்னும் மூன்று பேர் வந்து படிவம் கேட்டார்கள். அவர்கள் இத்தனை நாளும் என் வகுப்புகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

நாடகவியல் உள்தேர்வில் இப்போது பாதி மதிப்பெண்ணைச் செய்முறைக்கு மாற்றியிருக்கிறோம். வாத்தியாரும் நானும் சேர்ந்து மதிப்பெண் போடுகிறோம். அவர் எண்ணாகச் சொல்வதில்லை. "இவனுக்குத் தாளம் நிக்குது", "இந்தப் பொண்ணு இன்னும் நாலு மாசம் பாடணும்" என்பார். அதை எண்ணாக்குவது என் வேலை. சில சமயம் ஆக்க முடிவதில்லை, மறுபடி பாடச் சொல்லிக் கேட்கிறோம்.

போன பருவத்துக்கான அவர் பணம் இன்னும் வரவில்லை. நேற்றும் கணக்குப் பிரிவுக்குப் போய் வந்தேன். அடுத்த புதன்கிழமை வரலாமா என்று போன் செய்தார். நாலரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். திரை பிடிக்கிற பிள்ளைகள் நான்கு மணிக்கே வந்து நின்றுவிடுவார்கள், அதனால் சாவியை இன்றைக்கே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.