வோல்டேஜும் கரண்ட்டும் கொடுத்தால் எந்தச் சூத்திரத்தை எடுப்பது?

பத்தாம் வகுப்பு அறிவியலிலும், ஐடிஐ எலக்ட்ரீஷியன் டிரேடிலும், போட்டித் தேர்வுகளிலும் விடாமல் வரும் கணக்கு இது. வோல்டேஜும் கரண்ட்டும் கொடுத்துவிட்டு மின்தடையும் மின்திறனும் கேட்பார்கள். வோல்டேஜை கரண்ட்டால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் மின்திறன். 220 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 44 ஓம், 1100 வாட். இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை.

சிக்கல் அடுத்த படியில்தான். மின்திறனுக்கு இன்னும் இரண்டு சூத்திரங்கள் உண்டு. கரண்ட்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குவது ஒன்று, வோல்டேஜின் வர்க்கத்தை மின்தடையால் வகுப்பது இன்னொன்று. முதலாவதைப் பார்த்தால் மின்தடை கூடக்கூட வாட் கூடும். இரண்டாவதைப் பார்த்தால் குறையும். சேலத்தில் ஐடிஐ படித்தபோது இதை வைத்தே எங்கள் வகுப்பில் ஒரு மதிய இடைவேளை முழுக்க வாக்குவாதம் ஓடியது. இரண்டு கட்சியும் சொன்னது சரிதான். அந்தச் சுற்றில் எது மாறாமல் இருக்கிறது என்று முதலில் கேட்டிருந்தால் பேச்சே எழுந்திருக்காது. தொடர் இணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே கரண்ட் ஓடும், அதனால் கரண்ட் சூத்திரம். பக்க இணைப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே வோல்டேஜ், அதனால் வோல்டேஜ் சூத்திரம்.

60 வாட், 100 வாட் குண்டு பல்புகள் இரண்டைத் தொடரில் இணைத்தால் எது பிரகாசமாக எரியும் என்ற கேள்வி இதைச் சோதிக்கத்தான் வருகிறது. 230 வோல்ட் பல்புகள் என்றால் 60 வாட்டின் மின்தடை சுமார் 882 ஓம், 100 வாட்டுக்கு 529 ஓம். கரண்ட் இரண்டுக்கும் ஒன்று. ஆக, 60 வாட் பல்புதான் பளிச்சென்று எரியும்.

எனக்கு இந்தப் பாடம் நன்றாகப் பிடிபட்டது வீட்டு ஹீட்டர் ராடில். எங்கள் வீடு ஏற்காட்டில், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நீளும் லைனின் கடைசியில் இருக்கிறது. எல்லா வீட்டிலும் ஹீட்டர் போடும் காலை நேரத்தில் வோல்டேஜ் 190க்கு இறங்கிவிடும். ராடில் எழுதியிருப்பது 230 வோல்ட், 1500 வாட். மற்றவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: 1500ஐ 190ஆல் வகுத்து, கரண்ட் கிட்டத்தட்ட 7.9 ஆம்பியர் என்று எழுதிவிடுவார்கள். வோல்டேஜ் குறைந்தபோது கரண்ட் கூடியதாக விடை வருகிறது! 1500 வாட் என்பது 230 வோல்ட் கிடைத்தால் மட்டும். ராடுக்குள் இருக்கும் கம்பி மாறவில்லை, அதன் மின்தடையும் அநேகமாக அப்படியேதான் இருக்கும். அதனால் முதல் வேலை மின்தடையைக் கண்டுபிடிப்பது. 230ஐ வர்க்கப்படுத்தி 1500ஆல் வகுத்தால் சுமார் 35.3 ஓம். இப்போது 190ஐ 35.3ஆல் வகுத்தால் கரண்ட் 5.4 ஆம்பியர் அளவில் வரும். மின்திறன் சுமார் 1024 வாட்.

வோல்டேஜ் குறைந்தது ஆறில் ஒரு பங்குதான், வாட் குறைந்ததோ மூன்றில் ஒரு பங்கு. வர்க்கம் செய்யும் வேலை அது. 15 லிட்டர் தண்ணீரை 18 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 13.9 லட்சம் ஜூல் வேண்டும். முழு வோல்டேஜில் பதினைந்தரை நிமிடத்தில் முடிகிற வேலை, 190 வோல்ட்டில் இருபத்திரண்டரை நிமிடம் இழுக்கும். ஆனால் யூனிட் இரண்டு முறையும் ஒன்றேதான், 0.39க்குப் பக்கம். வெளியே போகும் வெப்பத்தையும் சேர்த்தால் மெதுவாகக் காய்வதில் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். லோ வோல்டேஜில் பில் மிச்சம் என்று அம்மா சொல்வார், நான் மறுத்துப் பேசுவதை விட்டுவிட்டேன்.

செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்கள் குண்டு பல்பை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். 100 வாட் பல்புக்கு 529 ஓம் வராது, 40ஐ ஒட்டித்தான் காட்டும். மீட்டரில் கோளாறு இல்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடாகி, மின்தடை பத்து மடங்கு அளவுக்கு ஏறிவிடும். வைவாவில் இதைக் கேட்பார்கள்.

மோட்டாருக்கு மட்டும் இந்தக் கணக்கை அப்படியே போட வேண்டாம். ஓடும் மோட்டாரில் வோல்டேஜை கரண்ட்டால் வகுத்தால் வருவது காயிலின் மின்தடை அல்ல. ஒரு குதிரைத்திறன், அதாவது 746 வாட், தரும் சிங்கிள் ஃபேஸ் கிணற்று மோட்டார் 230 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1265. அது வோல்ட்-ஆம்பியர். பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்-ஆம்பியரில் உண்மையான வாட்டாகும் பங்கு, 0.8 என்றால் உண்மையில் வாங்குவது 1012 வாட். அதில் 746 போக மிச்சம் 266 வாட் சூடாகவும் உராய்விலும் போய்விடுகிறது. தாரமங்கலம், இளம்பிள்ளைப் பக்கம் தறிப் பட்டறைகளில் ஓடும் த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு இன்னொரு பெருக்கல், மூன்றின் வர்க்கமூலம், கூட வரும். பத்தாம் வகுப்பில் இதெல்லாம் தேவையில்லை. ஐடிஐக்காரர்களுக்குக் கட்டாயம் தேவை.

அப்புறம், மில்லி ஆம்பியர். 5 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்று கொடுத்தால் முதல் வரியிலேயே 0.02 ஆம்பியர் என்று எழுதிவிட்டு மேலே போங்கள். விடை 250 ஓம், 0.1 வாட். எந்த ரெசிஸ்டர் போடுவது என்றும் கேட்டிருந்தால் கால் வாட் தாராளமாகப் போதும்.