ஏழு வயதுச் சாட்சி

அம்மாவை அப்பா கொன்றதைப் பார்த்ததாகச் சொன்ன ஏழு வயதுச் சிறுமி. 2003இல் மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. விசாரணை நீதிமன்றம் அவளை நம்பியது, உயர் நீதிமன்றம் நம்பாமல் அப்பாவை விடுவித்தது. போலீஸ் 18 நாள் கழித்துத்தான் வாக்குமூலம் வாங்கியதாம். அதற்குக் குழந்தை என்ன செய்யும்? 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனையை மீண்டும் விதித்தது. 'யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள்' என்ற வெறும் சந்தேகம் போதாதாம். சரிதான்.

ஆனால் மேல்முறையீட்டு நீதிபதி குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறார். அதனால் சாட்சியத்துக்கு முன்னால், உண்மை பேச வேண்டும் என்பது குழந்தைக்குப் புரிகிறதா என்று விசாரணை நீதிபதி சோதித்து, கேள்வி பதில் இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். ஒரு ஹரியானா கொலை வழக்கில் அந்தக் கேள்விகள் பெயரளவுக்கே இருந்தன. குற்றம் சாட்டப்பட்டவர் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் விடுதலையானார்.