திங்கட்கிழமை மட்டும் தோற்ற போர்டு

புது வேலையில் சேர்ந்த முதல் நாள் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது ஓர் இரும்பு ரேக். அதில் 16 சர்க்யூட் போர்டுகள், சில யூ.எஸ்.பி ஹப்புகள், கரண்டை வெட்டிச் சேர்க்க ரிலேக்கள், அடித்தட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர். எங்கள் சாதனங்களில் ஓடியது ஸெஃபிர். லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2016-இல் அறிவித்த, சின்னச் சின்னக் கருவிகளுக்கான ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம். அன்றன்றைய கோடிங்கை ராத்திரி பில்ட் செய்து, எல்லா போர்டிலும் ஏற்றி, டெஸ்ட் ஓட்டி, காலைக்குள் ரிப்போர்ட் அனுப்பிவிட வேண்டும்.

இதை ஸெஃபிரோடு வரும் ட்விஸ்டர் என்ற டெஸ்ட் கருவி பார்த்துக்கொள்ளும். எமுலேட்டரில், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போலி போர்டில், ஓடும் டெஸ்டுகளால் தொல்லை இல்லை. நிஜ போர்டு என்றால்தான் வம்பு. போர்டு தன் செய்திகளை வரிவரியாக அனுப்பும் சீரியல் போர்ட்டில் ட்விஸ்டர் காதை வைத்துக்கொண்டு, ‘புராஜெக்ட் எக்ஸிக்யூஷன் சக்ஸஸ்ஃபுல்’ என்ற வரிக்காகக் காத்திருக்கும். வரவில்லையா, ஃபெயில். நிரலில் தப்பா, கேபிள் லூசா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. முதல் இரண்டு மாதம் பெரும்பாலும் கேபிள்தான். கம்ப்யூட்டரை ரீபூட் செய்தால் போர்ட் எண்கள் இடம் மாறிவிடும். போர்டை யூ.எஸ்.பி-யில் இணைக்கும் மலிவான சீரியல் அடாப்டர்கள் பலவற்றுக்குத் தனி அடையாள எண்ணும் கிடையாது. எந்த ஹப்பில் எத்தனையாவது ஓட்டை என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வெறுத்துப்போய் ஒரு காரியம் செய்தேன். ஃபெயிலானதை இன்னும் இரண்டு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லும் வசதி ட்விஸ்டரில் உண்டு. அதைப் போட்டுவிட்டேன். ரிப்போர்ட் பச்சைப் பசேலென்று ஆனது. மேனேஜருக்கு சந்தோஷம். எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

அப்புறம் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது: ரொம்ப நேரம் கரண்ட் போய் வந்தால் சில சாதனங்கள் எழுவதே இல்லை. எங்கள் ரிப்போர்ட்டிலோ ஒரு குறையும் இல்லை. பழைய லாகுகளைத் தோண்டினேன். ஒரே ரகத்தைச் சேர்ந்த 3 போர்டுகள் திங்கட்கிழமைதோறும் முதல் முயற்சியில் தோற்று, இரண்டாவதில் ஜெயித்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை லேபில் மெயினை அணைத்துவிடுவார்கள்.

சரி, ரிலேவால் கரண்டை வெட்டிப் பார்ப்போம் என்று முப்பது நாற்பது தடவை வெட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. ஹார்ட்வேர் பிரிவின் மூத்தவர் ஒருவர் வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “தம்பி, நீங்க பவரை இன்னும் ஆஃப் பண்ணவே இல்லையே” என்றார். லைட்டை அணைத்துக் காட்டினார். இருட்டில் போர்டின் பச்சை எல்.இ.டி மின்மினி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. சீரியல் அடாப்டர் போர்டுக்குச் செய்தி அனுப்பும் டி.எக்ஸ் கம்பி வழியாக, சிப்பின் பாதுகாப்பு டயோடைத் தாண்டி, கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. ரேம் பழைய நினைவை விடாமல் பிடித்துக்கொள்ள அதுவே போதும்.

அந்தக் கம்பியையும் பிடுங்கிவிட்டு, ஒரு டீ குடித்து வந்து போட்டோம். முதல் தடவையிலேயே விழுந்தது.

ரேமின் கடைசியில், ரீசெட்டுக்குப் பிறகும் அழியாதபடி, கிராஷ் பதிவு ஒன்றை வைத்திருந்தோம். முழுக்கக் கரண்ட் போய் வந்தால் அங்கே இருப்பது குப்பை. அந்தக் குப்பையை எண்ணாக நம்பி எங்கள் நிரல் எங்கேயோ எழுதப் போய் விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், விழும்போது தானாக ஓடும் ஃபால்ட் ஹேண்ட்லர் என்ற பகுதி அந்த இடத்தில் சரியான எண்ணை எழுதிவைத்துவிட்டுத்தான் நின்றது. அதனால் இரண்டாவது முயற்சி எப்போதும் பாஸ். திருத்தம் மொத்தம் 4 வரி.

டி.எக்ஸ் கம்பியையும் ரிலே வழியாகக் கொண்டுபோனோம். மறுமுயற்சியை நான் எடுக்கவில்லை. ஆனால் இரண்டாவது முறையில் ஜெயித்தது எதுவானாலும் மஞ்சளாகக் காட்டும்படி மாற்றினேன். முதல் வாரம் 11 மஞ்சள். 9 கேபிள். மீதி இரண்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரிலீஸ் தேதி வந்துவிட்டது.