எதிர்மரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

மேட்டில் சைக்கிளை அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் எழுந்த 'கடக் கடக்' ஓசைக்குக் காரணம், பெடலைத் தாங்கும் கையான கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: இரு கிராங்குகளையும் இணைக்கும் அச்சுத் தொகுதியான பாட்டம் பிராக்கெட்டின் பேரிங் தேய்ந்திருந்தது. பற்சக்கரமும் கூர்த்துப் போயிருந்ததால், கிராங்குகளும் பற்சக்கரமும் அடங்கிய கிராங்க்செட்டையும் சேர்த்தே மாற்ற முடிவு செய்தேன். புதிய கிராங்குக்குப் பொருந்தும் நீளமுள்ள அச்சையே வாங்க வேண்டும். இல்லையெனில் செயின் கோணலாக ஓடும்.

கிராங்கை அச்சிலிருந்து இழுத்துக் கழற்றும் கருவியான கிராங்க் புல்லரை, அதன் மரை முழுவதும் உள்ளே இறங்கும்வரை கையாலேயே திருகிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டேன், ஏனெனில் அலுமினிய மரை ஒருமுறை பிய்ந்துவிட்டால் கிராங்கைக் கழற்றுவது பெரும்பாடாகிவிடும்.

என் சைக்கிளில் இருப்பது 68 மி.மீ. அகலமுள்ள, அங்குலத்துக்கு 24 மரைகள் கொண்ட ஆங்கிலேய வகைக் கூடு, அதாவது பாட்டம் பிராக்கெட் திருகி ஏறும் சட்டகக் குழாய். இதில் செயின் உள்ள வலப்பக்கத்தில் மட்டும் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால், கழற்றுவதற்கு வலஞ்சுழியாகவும் இறுக்குவதற்கு இடஞ்சுழியாகவும் திருக வேண்டும். பழக்கத்தில் கை மறுபக்கமே போகும், நிதானம் தேவை.

கூட்டுக்குள் கறுத்த கிரீஸும் துருத்தூளும் களிம்பாக அப்பியிருந்தன. பழைய துணியால் மரையின் பளபளப்பு தெரியும்வரை துடைத்து, புதிய கிரீஸ் தடவி, புதிய பாட்டம் பிராக்கெட்டை முதல் சில சுற்றுகள் விரலாலேயே ஏற்றினேன். கிராங்க் போல்ட்டை 40 நியூட்டன் மீட்டர் திருப்புவிசைக்கு இறுக்கினேன். அது தளர்ந்திருக்கும் நிலையில் ஓட்டினால் கிராங்கின் சதுரத் துளை சிதைந்துவிடும். முதல் நாள் ஓட்டத்துக்குப் பின் மீண்டும் இறுக்கம் பார்த்தேன். இப்போது அதே மேட்டில் டயரின் ஓசை மட்டுமே கேட்கிறது.