டாலஸில் இருந்த மாமாவுக்கு ஆச்சியின் இறுதிச் சடங்கைக் காட்டிய அனுபவம்

எங்கள் ஆச்சி ஜூன் மாதம் ஒரு விடியற்காலையில் தவறிப்போனாள். ஊர் தென்காசிக்குப் பக்கம். மூத்த மகன், என் பெரிய மாமா, டாலஸில் இருக்கிறார். ஹெச்-1பி என்னும் அமெரிக்க வேலை விசாவில் இருப்பவர். அதற்கு நீட்டிப்பு வந்திருந்தது, ஆனால் பாஸ்போர்ட்டில் புது விசா ஸ்டாம்பிங் ஆகவில்லை. கிளம்பி வந்துவிட்டால் இங்கே தூதரகத்தில் தேதி கிடைக்கிறவரை திரும்பிப் போக முடியாது. சித்தி சிட்னியில், ஆபரேஷன் முடிந்து படுக்கையில். ஃப்ரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருப்போமா என்று சின்ன மாமா கேட்டார். பெரிய மாமாவே வேண்டாம் என்றுவிட்டார். "அம்மையப் பெட்டிக்குள்ள போட்டு வைக்காதீங்கடே. இன்னைக்கே எடுத்துருங்க. எனக்கு போன்ல காட்டுங்க, போதும்." அந்த வேலை என்னிடம் வந்தது. இப்படி ஒரு நிலைமை வரும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

மதியம் 3 மணிக்கு எடுப்பதாக முடிவானது. அப்போது டாலஸில் அதிகாலை 4.30, சிட்னியில் இரவு 7.30. நேரத்தை மூன்று ஊர்க் கணக்கிலும் எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். டாலஸில் இருக்கும் மாமாவின் நண்பர் ஒருவருக்கும் தனியாகப் போன் செய்தேன். அந்த இருட்டு வேளையில் மாமாவோடு மாமியும் பிள்ளைகளும் மட்டும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். நண்பர் குடும்பத்தோடு போய் உட்கார்ந்துவிட்டார். அன்று செய்த ஏற்பாடுகளிலேயே முக்கியமானது இதுதான் என்று இப்போதும் நம்புகிறேன்.

ஒரு பெரியவர் கோபப்பட்டார். "செத்த வீட்டுல என்னடே படம் எடுக்கது?" என்றார். நான் வாதம் செய்யவில்லை. மாமாவை போனில் அழைத்து அவர் காதில் கொடுத்தேன். இரண்டு பேரும் அழுதார்கள். அதன்பிறகு எங்களுக்கு வழி விலக்கிக் கொடுத்ததே அவர்தான். ஒப்பாரி சொல்ல உட்கார்ந்திருந்த ஆச்சிமார்களிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். குளிப்பாட்டுவதைக் காட்டக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்த நேரம் கேமராவை அணைத்துவிட்டோம்.

இனி செய்முறை. யூடியூபில் போனிலிருந்தே நேரலை போட, சேனலுக்குக் குறைந்தது 50 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். முதல்முறை லைவ் வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். சாவு வீட்டில் அதற்கு ஏது நேரம்? ஊரில் கல்யாணத்துக்கு லைவ் போடும் ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டேன். அவர் சேனல் தயாராக இருந்தது. லிங்க் வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி அன்லிஸ்டட் ஆகப் போடச் சொன்னேன். கமெண்ட் பகுதியை மூடச் சொன்னேன். லிங்க்கை பேஸ்புக்கில் போடவே இல்லை. இறப்புச் செய்திகளுக்குக் கீழே போலி நேரலை லிங்க் போட்டு கார்டு விவரம் பிடுங்கும் கும்பல்கள் இருக்கின்றன. பந்தலில் ஓடிக்கொண்டிருந்த பக்திப் பாட்டையும் நிறுத்தச் சொன்னேன். காப்புரிமை உள்ள பாட்டு கேட்டால் யூடியூப் நேரலையையே மறித்துவிடக்கூடும்.

ஆனால் யூடியூப் தூரத்துச் சொந்தங்களுக்குத்தான் சரி. அங்கே படம் பல நொடிகள் தாமதமாகத்தான் போகும். ஐயர் "வாய்க்கரிசி போடுங்க" என்று சொல்வது மகனுக்குக் கேட்கும்போது இங்கே அடுத்த காரியம் தொடங்கியிருக்கும். அதனால் மாமாவுக்கும் சித்திக்கும் என் போனில் தனியாக வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு. ஜூமைப் பற்றியும் யோசித்தேன், இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன். தினம் 2 ஜிபி பிளான் இதற்குப் போதாது. கூடுதல் டேட்டா போட்டுக்கொண்டேன். வீட்டில் இருந்தவரை பக்கத்து வீட்டு வைஃபை கைகொடுத்தது, தெருவில் இறங்கியதும் சிம்தான். சாரல் வேறு. ஈரம் பட்டால் தொடுதிரை தன் போக்கில் வேலை செய்யும் என்று நண்பன் ஒருவன் குடையோடு என் கூடவே வந்தான்.

மாமா ஆச்சியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "போதும் மருமவனே. வாசல்ல யார் யாரெல்லாம் இருக்கா, காட்டு" என்றார். நான் பெஞ்சு பெஞ்சாகப் போனேன். இரைச்சலில் எதுவும் தெளிவாகக் கேட்காது என்று இயர்போன் மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் பேரையும் சொன்னேன். மாமாவுடன் பள்ளிக்கூடத்தில் படித்தவர் ஒருவர் போனைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். மாமா அங்கே தேம்பினார்.

வாய்க்கரிசியின்போது சின்ன மாமா போனைப் பார்த்து, "அண்ணே, ஒங்க பேரைச் சொல்லி நான் போடுதேன்" என்றார். டாலஸில் மாமாவும் கையில் ஒரு பிடி அரிசியோடு நின்றார். அதைத் தட்டில் போடும்போது கை நடுங்கியதில் பாதி தரையில் சிந்தியது. மாமி குனிந்து பொறுக்கினாள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கும்போது நானும் பிடிக்க வேண்டும் அல்லவா, போனை நண்பனிடம் கொடுத்தேன். சடங்கில் வேலை உள்ளவரிடம் போனைக் கொடுத்தால் இரண்டுமே கெடும். மாற்று ஆள் கட்டாயம் வேண்டும். மாமாவின் மகனும் அங்கே ஒரு விளக்கைக் கையில் ஏந்தி நின்றான்.

ஊர்வலம் ஓடைப் பாலம் தாண்டியதும் இணைப்பு அறுந்தது. மறுபடி கிடைக்கும்வரை அதே லிங்க்கில் காத்திருங்கள் என்று முன்னரே எழுதி வைத்திருந்ததால் யாரும் பதறவில்லை.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. அம்மா, பெரியம்மா எல்லாரும் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். ஆனால் வீட்டில் யாரோ டிவியில் அந்த லிங்க்கைப் போட்டுவிட, கொள்ளிக்குடம் உடைப்பதுவரை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். தன் அப்பாவுக்கு நடந்ததைக்கூடப் பார்த்ததில்லை என்று அம்மா அன்று ராத்திரி சொன்னாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகச் செய்தது ஐந்து நிமிட நடைதூரத்தில் இருந்தவர்களுக்கும் பயன்பட்டதில் எனக்கு மிகுந்த நிறைவு. கொள்ளி வைத்ததும் நேரலையை முடித்துவிட்டோம். தீ எரிவதைக் காட்ட வேண்டாம் என்று முன்பே பேசியிருந்தோம்.

யூடியூப் அந்தப் பதிவைத் தானாகவே சேமித்துவிடும். அதை இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துவிட்டு, சேனலில் பிரைவேட் ஆக்கச் சொன்னேன்.

16ஆம் நாள் விசேஷத்துக்கு ஸ்டுடியோக்காரர் வேண்டாம், வாட்ஸ்அப் போதும் என்றார் மாமா. பந்தி முடிகிறவரை போனை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வந்தவர்கள் யாரும் சாப்பிடாமல் போய்விடக் கூடாதாம், அதை அவரே பார்க்க வேண்டுமாம்.