போன்விரேயின் 24 பட்டைகள்

கானாவின் குமாசி நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில், அசாந்தி மக்கள் கென்டே துணி நெய்யும் போன்விரே இருக்கிறது. கரூரில் ஏற்றுமதித் துணிகளின் தரம் பார்த்துப் பழகியவன் என்பதால், வெளிநாட்டு ஆர்டர் ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்த அவ்வூர் நெசவாளர் குழுவுக்கு உதவ மூன்று வாரம் சென்றிருந்தேன்.

அங்கே நெசவாளர் கால்விரல்களுக்கு இடையில் பிடித்த வில்லைகளால், நீள நூல்களைப் பிரித்துத் தூக்கும் விழுதுகளை ஏற்றி இறக்குகிறார். அவருக்கு எதிரே பல கெஜம் நீளும் பாவு, அதாவது அந்த நீள நூல்கள், கல் ஏற்றிய பலகையில் போய் முடிகிறது. நெய்து வருவது நான்கு அங்குல அகலமுள்ள பட்டைதான். ஆண்கள் போர்த்தும் முழுத் துணிக்கு அப்படிப்பட்ட 24 பட்டைகளைக் கட்டத்தோடு கட்டம் பொருந்தச் சேர்த்துத் தைக்க வேண்டும். ஒரே கை நெய்தால் அவை தாமாகவே பொருந்திவிடும். அவசர ஆர்டரை ஐந்து பேர் பிரித்துக்கொண்டபோது, ஒருவர் குறுக்கு நூலான ஊடையை இறுக்கி அடிக்க, மற்றவர் தளர்வாக அடிக்க, பத்தாவது கட்டத்துக்குள் அரை அங்குலம் விலகியது. அளவு நாடாவை வைத்து நான் சொன்னவை எதுவும் உதவவில்லை. மூத்த நெசவாளர் ஒருவர்தான் மூங்கில் குச்சிகளில் கட்டத்தின் நீளத்தைக் கத்தியால் கீறி, தறிக்கு ஒன்றாகக் கொடுத்தார், விலகல் நின்றது.

சந்தையில் வாங்கிய நூல் கண்டுகளில் சீட்டே இல்லை. அமெரிக்காவுக்குப் போகும் துணியில் இழையின் வகையும் சதவீதமும் நெய்த நாடும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும் என்பதால், நூல் நுனிகளைக் கொளுத்திப் பார்த்தோம். உருகிச் சுருண்ட பாலியஸ்டரை ஒதுக்கினோம். ஈர வெள்ளைத் துணியில் தேய்த்தபோது சிவப்புச் சாயம் ஒட்டியது. அந்தக் கண்டுகளையும் விலக்கினோம்.

விலை பேசுவதுதான் கடினமாக இருந்தது. கென்டே நெசவை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் இயந்திரத்தில் அச்சடித்த போலித் துணியின் மலிவு விலை நெசவாளர்களை அச்சுறுத்துகிறது. அதனால் அவர்கள் நூல் விலையோடு சிறிது மட்டும் சேர்த்துச் சொன்னார்கள். பூவேலையைக் குறைக்கலாமா என்றும் கேட்டார்கள். பட்டை முழுவதும் வேலைப்பாடு நிறைந்த வகைக்கு 'அட்வெனேசா', அதாவது 'என் திறமையெல்லாம் தீர்ந்தது' என்று பெயரிட்டவர்கள் அதைக் குறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தறியில் உட்காரும் நாட்களைக் கணக்கில் எழுதச் சொன்னேன். எழுதினார்கள், நான் குறிப்பிட மறந்த பட்டை தைப்பவரின் கூலியையும் கீழே ஒரு வரியாகச் சேர்த்தார்கள்.