மியூட் போடாமல் ஒரு ராப் படத்துக்குச் சான்றிதழ்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே ராப் பாடும் ஒரு பையனைப் பற்றி வேலூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு படம் எடுத்தோம். எப்படி எடுத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. தணிக்கையை எப்படித் தாண்டினீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

விண்ணப்பம் இப்போது ஆன்லைனில், தணிக்கை வாரியத்தின் இ-சினிபிரமாண் தளத்தில். கதைச் சுருக்கம், வசனம் எல்லாவற்றோடு பாடல்களின் முழு வரிகளும் தர வேண்டும். எங்கள் ஹீரோ நிஜத்திலும் ராப் பாடுகிறவன். வேலூர்க் கோட்டைக்குள் எடுக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டுமென்பதால் பாலாற்று மணலுக்குப் போனோம். அங்கே வாயில் வந்ததையெல்லாம் ஃப்ரீஸ்டைலாகப் பாடிவிட்டான். தாளில் ஒரு வரி கிடையாது. எடிட் ரூமில் வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு வரிவரியாக எழுதினோம். சில இடம் அவனுக்கே புரியவில்லை.

நம்ம பக்கத்து மாடு விடும் விழாவைக் காட்டும் ஆசையும் இருந்தது. மாடு நடிக்கிறதென்றால் விலங்குகள் நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். அதற்குக் காசும் பொறுமையும் இல்லை. மைக் செட்டில் விழா அறிவிப்பு தூரத்தில் கேட்பதுபோல் வைத்தோம். அதுவே போதுமானதாக இருந்தது.

புகையிலை விதியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் படத்தில் ஒருவர்கூடப் புகைப்பதில்லை. ஆனால் ஹீரோவின் அம்மா பீடி சுற்றுகிறார். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் கதை வைத்துவிட்டு அதைக் காட்டாமல் இருக்க முடியாது. புகையிலைப் பொருள் திரையில் தெரிந்தாலே விதி பொருந்தும்: தொடக்கத்திலும் நடுவிலும் 30 வினாடி விழிப்புணர்வுப் படம், அதோடு 20 வினாடி எச்சரிக்கை, காட்சி ஓடும்போது கீழே எச்சரிக்கை வரி. அம்மா முறத்தை மடியில் வைத்து இலை வெட்டும் நீளமான ஷாட் முழுக்க, அவர் கைக்குக் கீழே அந்த வரி நிற்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு உடல்நல அறிவுரை! எனக்குக் கசந்தது. ஆனால் அந்த ஷாட்டை வெட்ட மனமில்லை, வரியோடே விட்டோம்.

பெரிய பேச்சு பாட்டைப் பற்றித்தான். படம் பார்த்து முடித்ததும் தணிக்கைக் குழு எங்களைக் கூப்பிட்டுப் பேசியது. வசனத்தில் வரும் கெட்ட வார்த்தைகளை மியூட் செய்ய உடனே ஒப்புக்கொண்டோம். பாட்டில் மியூட் போட்டால் வேறு கதை. ராப்பில் சொல்தான் தாளம், நடுவில் ஓட்டை விழுந்தால் வரியே நொண்டும். மியூட்டுக்குப் பதில் மாற்றுச் சொல் தருகிறோம் என்று கேட்டோம், சரி என்றார்கள்.

பையன்தான் ஒப்பவில்லை.

"இன்னாண்ணா, இதையும் எடுத்துட்டா ஸ்கூல் ஆண்டு விழாவுல பாடறாப்ல ஆயிடும்ணா."

திட்டு இருந்த வரியை மொத்தமாகத் தூக்கிவிட்டு, அதே அசைக் கணக்கில் வேறு எழுதச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தான்: "ஒட்டுற சோலுக்கு வெல ஏறுது, ஒட்டுறவன் கூலி எங்க ஏறுது?" எதுகை பழைய வரியைவிடக் கச்சிதம். என்னைக் கேட்டால் திட்டைவிட இதுதான் ஷூ கம்பெனி சூப்பர்வைசருக்கு அதிகம் உறைக்கும். பையனிடம் அதைச் சொல்லவில்லை, ஏற்கெனவே தலைகால் புரியாமல் இருந்தான்.

குரலையும் பீட்டையும் தனித்தனி ட்ராக்காக வைத்திருந்ததால் அந்த வரியை மட்டும் மறுபடி பாடவைத்து ஒட்ட முடிந்தது. ராப் படம் எடுக்கிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே ஃபைலாகக் கலந்து கொடுக்கும் ஸ்டுடியோவிடம் சண்டை போட்டாவது தனித்தனியாக வாங்குங்கள்.

கிடைத்தது யுஏ 16+, அதாவது 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யுஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. பெரியவர்களுக்கு மட்டும் என்கிற 'ஏ' வந்திருந்தால் படத்தை அப்படியே டிவிக்கு விற்க முடியாது, அந்தப் பயம்தான் எங்களைப் பேச வைத்தது. முன்பு சான்றிதழுக்குப் பத்து வருட ஆயுள், இப்போது காலவரம்பு கிடையாது. டிவிக்காரர்கள் யாரும் இன்னும் கூப்பிடவில்லை என்பதால் எங்களுக்கு அது ரொம்ப வசதி.